1973 திண்டுக்கல்: வாக்காளர் கோபமும் கட்சி கடந்த பேச்சும்

1973 மே 20 அன்று நடந்த திண்டுக்கல் நாடாளுமன்ற இடைத்தேர்தலில், பிறந்து ஏழே மாதங்களான அண்ணா திராவிட முன்னேற்றக் கழகம் முதன்முதலாகக் களமிறங்கி வென்றது. தி.மு.க. உறுப்பினர் ராஜாங்கம் மறைந்ததால் காலியான இடம் அது. அ.தி.மு.க. நிறுத்திய வழக்கறிஞர் கே. மாயத்தேவர் ஏறத்தாழ 2.6 லட்சம் வாக்குகள் பெற்றார். பதிவானவற்றில் பாதிக்கும் மேல். காமராஜரின் பழைய காங்கிரஸ் சார்பில் நின்ற என்.எஸ்.வி. சித்தன் சுமார் 1.19 லட்சம் வாக்குகளுடன் இரண்டாம் இடம் பிடித்தார். ஆளுங்கட்சியான தி.மு.க.வின் பொன். முத்துராமலிங்கம் 93 ஆயிரத்துச் சொச்சம் வாக்குகளோடு மூன்றாம் இடத்துக்குப் போனார். இரண்டே ஆண்டுகளுக்கு முன்பு, 1971-ல், சட்டமன்றத்தின் 234 இடங்களில் 184-ஐ அள்ளிய கட்சி அது. சுயேச்சைகளுக்கென ஒதுக்கி வைத்திருந்த சின்னங்களிலிருந்து மாயத்தேவர் தேர்ந்தெடுத்த இரட்டை இலை, அந்தக் கட்சியின் நிரந்தர அடையாளமானதும் இந்தத் தேர்தலில்தான்.

திண்டுக்கல் அப்போது மதுரை மாவட்டத்தின் ஒரு பகுதி. தனி மாவட்டமானது 1985-ல். பூட்டுப் பட்டறைகள், தோல் பதனிடும் ஷாப்புகள், சுருட்டு, சின்னாளபட்டித் தறிகள், நிலக்கோட்டைப் பூ, சுற்றிலும் கிணற்றுப் பாசனத்தை நம்பிய மேட்டுநிலம் என்று கலவையான வட்டாரம். மாநிலத்தின் எந்த ஒரு பெரிய நலனும் இங்கு தனித்து ஆட்சி செய்யவில்லை. ஆளுங்கட்சி மீதான கோபம் எப்படித் திரள்கிறது, அதை எதிர்த்தரப்பு எப்படித் தவறாகப் படிக்கிறது, கட்சிக் கோட்டைக் கடந்து மனிதர்கள் எங்கே பேசிக்கொள்கிறார்கள் என்ற மூன்று கேள்விகளுக்கும் இந்தத் தொகுதி நல்ல பாடமாக இருப்பதற்கு இந்தக் கலவையும் ஒரு காரணம்.

பிளவின் கதை பலருக்கும் தெரிந்தது. தி.மு.க. பொருளாளராக இருந்த எம்.ஜி.ஆர். 1972 அக்டோபர் 8 அன்று திருக்கழுக்குன்றத்தில் பேசியபோது, அமைச்சர்கள் முதல் கட்சிப் பொறுப்பாளர்கள் வரை எல்லோரும் சொத்துக் கணக்குக் காட்ட வேண்டும் என்றார். இரண்டு நாளில் தற்காலிக நீக்கம், 14-ஆம் தேதி நிரந்தர நீக்கம், 17-ஆம் தேதி புதுக்கட்சி. நவம்பரில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் எம். கல்யாணசுந்தரம் துணை நிற்க, மு. கருணாநிதி அரசின் மீதான ஊழல் புகார்ப் பட்டியல் ஆளுநர் கே.கே. ஷாவிடம் போய்ச் சேர்ந்தது. ஆறு மாதம் கழித்து வந்தது திண்டுக்கல்.

தோற்றவர்களிடம் விளக்கத்துக்குப் பஞ்சமில்லை. முதல் விளக்கம் சினிமா மோகம். எம்.ஜி.ஆர். நடித்த ‘உலகம் சுற்றும் வாலிபன்’ வாக்குப்பதிவுக்கு ஒன்பது நாள் முன்னதாக, மே 11 அன்று வெளியாகியிருந்தது. அந்தப் படம் வெளிவந்தால் சேலை கட்டிக்கொள்வதாகத் தி.மு.க.வின் மதுரை முத்து சவால் விட்ட கதை இன்றும் அந்தப் பக்கத்தில் சிரிப்போடு சொல்லப்படுகிறது. இரண்டாவது விளக்கம் டெல்லிச் சதி: வருமான வரியைக் காட்டி இந்திரா காந்தி அரசு எம்.ஜி.ஆரைப் பிரித்தது என்பது. மூன்றாவது, அவர் பிறப்பைக் குறிவைத்த ‘மலையாளி’ப் பிரச்சாரம். காமராஜரோ இரு கழகங்களையும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள் என்று ஒதுக்கினார். நான்கு விளக்கங்களுக்கும் பொதுவான குணம் ஒன்று உண்டு. வாக்காளரிடம் எதுவும் கேட்க வேண்டிய அவசியத்தை அவை நீக்கிவிடுகின்றன. மயங்கியவர், ஏமாற்றப்பட்டவர், தூண்டிவிடப்பட்டவர் என்று பெயர் சூட்டிவிட்டால், அவர் என்ன சொல்ல வந்தார் என்பதைக் கேட்கத் தேவையில்லை.

சினிமா விளக்கம் உண்மைக்கு அப்பாற்பட்டது என்று சொல்ல முடியாது. ரசிகர் மன்றங்கள் இல்லாவிட்டால் ஏழு மாதத்தில் ஒரு கட்சியைக் கிராமம் கிராமமாக நிறுத்தியிருக்க இயலாது. ஆனால் அதே நடிகர், அதே மன்றங்கள், அதே கவர்ச்சி 1967-லும் 1971-லும் தி.மு.க. பக்கம் நின்றன. 1967 ஜனவரியில் நடிகர் எம்.ஆர். ராதாவின் குண்டு பாய்ந்து கழுத்தில் கட்டோடு படுத்திருந்த எம்.ஜி.ஆர். படம் சுவரொட்டியாகித் தி.மு.க.வுக்கு வாக்குச் சேர்த்தபோது, அதை மோகம் என்று அந்தக் கட்சியில் யாரும் குறைசொல்லவில்லை. கவர்ச்சி மாறாமல் இருக்க, முடிவு தலைகீழானது என்றால் மாறியது வேறு ஏதோ ஒன்று. நட்சத்திரம் கோபத்துக்கு வாய்க்கால் வெட்டினார். தண்ணீர் வேறிடத்திலிருந்து வந்தது.

அது எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், முதலில் நிற்பது சாராயக்கடை. 1937-ல் ராஜாஜி சேலத்தில் தொடங்கி, பின்னர் மாநிலம் முழுக்கப் பரவிய மதுவிலக்கை 1971-ல் தி.மு.க. அரசு தளர்த்தியது. கள்ளும் சாராயமும் சட்டப்படி வந்தன. ஒரு தலைமுறையே கடை பார்க்காமல் வளர்ந்த ஊர்களில் தெருமுனையில் கடை திறந்தது. கூலி வீடு வந்து சேரும் வழியில் இடையில் ஒரு இடம் முளைத்துவிட்டதன் கணக்கை அன்றாடம் போட்டவர்கள் பெண்கள். எம்.ஜி.ஆருக்குப் பெண்கள் அளித்த வாக்கைத் திரை மயக்கம் என்று எழுதிய பலர் இந்தக் கணக்கை எழுதவில்லை.

அடுத்தது விலை. 1972-ல் நாடு முழுவதும் பருவமழை பொய்த்தது. அரிசி விலை ஏறியது. மானாவாரியும் கிணறும் மட்டுமே உள்ள திண்டுக்கல் சமவெளியில் மழை தப்பினால் விளைச்சலும் இல்லை, கூலிவேலையும் இல்லை. விலையேற்றம் அதன் மேல் வந்து விழுந்தது. கமலை போய் மின்மோட்டார் வந்த பிறகு கிணற்று விவசாயியின் வாழ்வு மின்வாரியத்தின் கையில் இருந்தது. மின்கட்டண உயர்வை எதிர்த்துக் கோவைப் பகுதியில் நாராயணசாமி நாயுடு தலைமையில் கிளம்பிய விவசாயிகள் இயக்கம் 1970-லும் 1972-லும் துப்பாக்கிச்சூட்டைச் சந்தித்து உயிர்களைப் பலிகொடுத்தது. அந்தச் செய்தி மோட்டார் ஓடிய எல்லா ஊருக்கும் போய்ச் சேர்ந்திருந்தது.

மூன்றாவது காரணம் அளக்கக் கடினமானது, ஆனால் ஒருவேளை இதுவே பெரியது. 1967 வரை தெருவில் உண்டியல் ஏந்திய கட்சிக்காரர், 1967-க்குப் பிறகு அலுவலகத்துக்குள் நுழையும் வழியில் உட்கார்ந்தார். கூட்டுறவுக் கடன், குடும்ப அட்டை, லாரி பர்மிட், கீழ்மட்ட வேலை என எதற்கும் வட்டச் செயலாளரின் ஒரு வார்த்தை தேவைப்படத் தொடங்கியது. காங்கிரஸ் காலத்தில் அந்த இடத்தில் மிராசுதாரர் இருந்தார். அவரிடம் கோபம் இருந்தாலும் எதிர்பார்ப்பு இல்லை. தி.மு.க.காரர் தங்களில் ஒருவர் என்று நம்பப்பட்டவர். நேற்றுவரை சைக்கிளில் வந்தவர் இன்று காரில் போகிறார் என்ற பேச்சில் பொறாமை மட்டும் இல்லை, கைவிடப்பட்ட உணர்வும் இருந்தது. சொத்துக் கணக்கு என்ற எம்.ஜி.ஆரின் கோரிக்கை இந்த உணர்வின் மேல் நேராகப் போய் உட்கார்ந்தது. அமைச்சரின் சொத்தைக் கேட்டார் அவர். கேட்டவர்கள் தங்கள் ஊர்க் கிளைச் செயலாளரின் புது வீட்டை நினைத்துக்கொண்டார்கள்.

அர்ஜென்டினாவில் பிறந்த அரசியல் சிந்தனையாளர் எர்னஸ்டோ லாக்லாவ் 2005-ல் வெளியிட்ட வெகுசனவாதம் பற்றிய நூலில் இந்த இயக்கத்தைத்தான் விளக்குகிறார். தனித்தனியாக நிறைவேறாமல் நிற்கும் பல கோரிக்கைகள், ஏதோ ஒரு பொதுச் சொல்லின் கீழ் ஒன்றுசேர்ந்து, ‘நாம்–அவர்கள்’ என்ற கோட்டை வரைகின்றன. அந்தச் சொல் எவ்வளவு வெறுமையாக இருக்கிறதோ அவ்வளவு பேரை அது ஏற்கும். ‘ஊழல்’ திண்டுக்கல்லில் அப்படி ஒரு சொல். குடிகாரக் கணவனின் மனைவியும், மின்கட்டணம் கட்ட முடியாத விவசாயியும், வேலை கிடைக்காத பட்டதாரியும் தத்தம் குறையை அதற்குள் வைத்தார்கள்.

வெகுசனவாதம் ஆபத்தா, மருந்தா என்ற விவாதம் உலகெங்கும் நடக்கிறது. மக்களின் உண்மையான பிரதிநிதி தான் மட்டுமே என்று தலைவர் உரிமை கொண்டாடும் இடத்தில்தான் நோய் தொடங்குகிறது என்பது அரசியல் சிந்தனையாளர் யான்-வெர்னர் முல்லரின் வாதம். தமிழ்நாட்டைப் பொறுத்தவரை இரண்டு ஆய்வுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பது நல்லது. எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992-ல் எழுதிய எம்.ஜி.ஆர். பற்றிய நூல், ஏழைகளுக்குச் சாதகமற்ற ஆட்சிக்கு ஏழைகளே எப்படி ஒப்புதல் தந்தார்கள் என்று கேட்டு, திரைப்பிம்பத்தில் விடை தேடுகிறது. நரேந்திர சுப்பிரமணியன் 1999-ல் வெளியிட்ட ஆய்வு தி.மு.க.வின் அரசியலை உரிமை கோரும் வெகுசனவாதம் என்றும், அ.தி.மு.க.வினுடையதைப் புரவலர் வகை வெகுசனவாதம் என்றும் பிரிக்கிறது. முன்னதில் தொண்டர் தானே எழுந்து கேட்கிறார், பின்னதில் கருணையுள்ள தலைவர் கொடுக்கிறார். கட்சிக்குள் மன்றங்களும் கிளைகளும் ஓரளவு சுதந்திரமாக இயங்கியதால், இந்த இயக்கங்கள் இனவெறிப் பாதையில் போகாமல் பன்மையை வளர்த்தன என்பதும் அவரது முடிவு. பாண்டியனின் கேள்வி 1977-க்குப் பிந்தைய பத்தாண்டுக்குப் பொருந்துகிறது. 1973-க்கு அது பொருந்தாது. அன்று எம்.ஜி.ஆரிடம் ஆட்சி இல்லை, கொடுக்க ஒன்றும் இல்லை. திண்டுக்கல் வாக்காளர் ஒரு பிம்பத்துக்குச் சம்மதம் தந்ததை விட, ஓர் அரசுக்குச் சம்மதத்தைத் திரும்பப் பெற்றதே அதிகம்.

சாதிக் கணக்கை விட்டுவிட்டு இதையெல்லாம் சொல்வதும் நேர்மையாகாது. மாயத்தேவர் முக்குலத்தோர் சமூகத்தைச் சேர்ந்தவர், அந்தச் சமூகம் அடர்ந்து வாழும் பகுதிகள் தொகுதியில் இருந்தன, தென்மாவட்டங்களில் அ.தி.மு.க.வின் நீண்டகால அடித்தளம் அங்கிருந்து தொடங்குகிறது. ஆனால் எந்த ஒரு சமூகத்தின் வாக்கும் பாதிக்கு மேல் போகும் வெற்றியைத் தர இந்தக் கலவையான தொகுதியில் வழியில்லை.

தோல்வியின் செய்தியை மேடையில் ஒப்புக்கொள்ளாத அரசு கோப்பில் ஒப்புக்கொண்டது என்பது இந்தக் கதையின் கவனிக்கப்படாத பகுதி. அதே 1973-ல் கள்ளுக்கடைகள் மூடப்பட்டன. அடுத்த ஆண்டு சாராயக்கடைகளும். முதலமைச்சர் உட்படப் பொதுப்பதவி வகிப்பவர்களின் ஊழலை விசாரிக்க வழிசெய்யும் சட்டம் ஒன்றைத் தி.மு.க. அரசே 1973-ல் நிறைவேற்றியது. சொத்துக் கணக்குக் கேட்டவரை வெளியேற்றிய கட்சி, ஓராண்டு கழித்து அந்தக் கேள்விக்குச் சட்டவடிவம் தந்தது. வேடிக்கை அதோடு நிற்கவில்லை. 1977 ஜூனில் ஆட்சிக்கு வந்த எம்.ஜி.ஆர். அரசு சில மாதங்களிலேயே அந்தச் சட்டத்தை நீக்கியது. 1981-ல் கள்ளும் சாராயமும் மீண்டும் திறந்தன. மது வணிகத்துக்கான அரசு நிறுவனமான டாஸ்மாக் 1983-ல் பிறந்தது. 1978-ல் விவசாயிகள் போராட்டத்தின்போது வேடசந்தூர் வட்டாரத்தில் போலீஸ் சுட்டதில் உயிர்கள் போயின. எந்தக் குறைகள் ஒரு கட்சியைத் திண்டுக்கல்லில் கருவறுத்தனவோ, அதே குறைகள் வேறு கொடியின் கீழ் தொடர்ந்தன. கோபம் ஆளை மாற்றியது. அலுவலக வாசலில் உட்கார்ந்திருந்த இடைத்தரகரின் நாற்காலியை அசைக்கவில்லை.

வேட்பாளர்களின் பிற்கால வாழ்க்கையும் கட்சிக் கோட்டைப் பற்றி ஒன்று சொல்கிறது. 1977-ல் இரட்டை இலையில் மீண்டும் வென்ற மாயத்தேவர், 1980-ல் அதே திண்டுக்கல்லில் உதயசூரியன் சின்னத்தில் நின்று வென்றார். அன்று இரண்டாமிடம் வந்த சித்தன் 1996-ல் தமிழ் மாநிலக் காங்கிரஸ் சார்பிலும், 2004, 2009 தேர்தல்களில் காங்கிரஸ் சார்பிலும் அத்தொகுதியில் வென்றார். மூன்று முறையும் தி.மு.க. கூட்டணியில். வாக்காளரும் அதே அளவு தாராளமாகத்தான் நடந்துகொண்டிருக்கிறார்கள். 2014-ல் அ.தி.மு.க.; 2019-ல் தி.மு.க.வின் ப. வேலுச்சாமி, 5.38 லட்சம் வாக்கு வித்தியாசத்தில். 2024-ல் மார்க்சிஸ்ட் கட்சியின் ஆர். சச்சிதானந்தம், 4.43 லட்சம் வித்தியாசத்தில். தலைவர்களுக்கும் வாக்காளர்களுக்கும் கோடு இப்படி எளிதில் அழிகிறது. அழியாமல் நிற்பது நடுவில் உள்ளவரிடம்: கொடி கட்டுபவர், பூத்தில் உட்காருபவர், தலைவருக்காக அடிதடி வழக்கில் சிக்கியவர். மேலிடம் கூட்டணி பேசுவதைக் கட்சி கடந்த உரையாடல் என்று எடுத்துக்கொண்டால், இவர் கணக்கில் வரவே மாட்டார்.

இந்த நடுவில் உள்ளவர்களுக்குள் 1972-க்குப் பிறகு நேர்ந்தது பங்காளிச் சண்டை. காங்கிரஸ்காரரும் தி.மு.க.காரரும் எதிரெதிர்க் கட்சி. ஒருவரையொருவர் கிண்டல் செய்துகொண்டு காலம் தள்ள முடிந்தது. தி.மு.க.வும் அ.தி.மு.க.வும் ஒரே வீட்டில் பாகம் பிரிந்தவை. ஒரே அண்ணா, ஒரே கொடி நிறங்கள், ஒரே மேடைத் தமிழ். யார் உண்மையான வாரிசு என்ற வழக்கில் சமரசத்துக்கு இடம் குறைவு. மாமன்-மச்சான் முறைக்காரர்களுக்குள் கேலி செல்லும். பங்காளிகளுக்குள் செல்லாது என்பது இந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரிந்த நடைமுறை. மானுடவியலாளர் ராட்கிளிஃப்-பிரவுன் 1940-ல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை ஒன்று, திருமணத்தால் இணையும் உறவுகளில் கேலி ஏன் அனுமதிக்கப்படுகிறது என்று கேட்கிறது. பிணைப்பும் பகைக்கான வாய்ப்பும் ஒரே உறவில் இருக்கும்போது, புண்படாமல் சீண்டிக்கொள்ளும் உரிமை அந்தப் பதற்றத்தைத் தாங்கிக்கொள்கிறது என்பது அவர் விளக்கம். திண்டுக்கல் பக்கத்து டீக்கடை அரசியலில் இது கண்கூடு. ‘என்ன மாப்ளே, உங்க ஆளு இந்தத் தடவை டெபாசிட்டாவது வாங்குவாரா?’ என்ற கேள்வியை மாமன் முறைக்காரர் கேட்கலாம். கேட்கப்பட்டவர் சிரித்துக்கொண்டே அதைவிடக் காரமாகத் திருப்பித் தரலாம். முறை இல்லாதவர் கேட்டால் அதே வாக்கியம் வம்பு. கட்சி கடந்து பேசுவதற்குத் தமிழ்ச் சமூகம் ஏற்கெனவே ஒரு வடிவம் வைத்திருக்கிறது. அதற்கு நாகரிக உரையாடல் என்ற பெயர் இல்லை, அவ்வளவுதான்.

உறவுக்கு அடுத்தபடியாக வேலை. டயானா மட்ஸ் 2006-ல் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்கர்கள் தங்களுக்கு மாறான அரசியல் கருத்தை எங்கே அதிகம் கேட்கிறார்கள் என்று தேடியபோது விடை வேலையிடமாக இருந்தது. நண்பர்களையும் குடியிருப்பையும் தேர்ந்தெடுக்க முடிகிறது, உடன் வேலை செய்பவரைத் தேர்ந்தெடுக்க முடிவதில்லை. பட்டறையில் ஒரே மேசையில் பூட்டுக்கு லீவர் ராவுகிறவர்களும், ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் ஒரே விடியலில் மூட்டை இறக்குகிறவர்களும் அப்படித்தான். மட்ஸ் இன்னொன்றும் கண்டார், அது அவ்வளவு இனிப்பானதல்ல: மாற்றுக் கருத்தை அடிக்கடி கேட்பவர்கள் சகிப்புள்ளவர்களாக இருக்கிறார்கள், ஆனால் அரசியலில் இறங்கிச் செயல்படுவது குறைகிறது. தீவிரமாகக் களமாடுகிறவர் பெரும்பாலும் தன்னைப் போன்றவர்களோடு மட்டும் பேசுகிறவர். கட்சிகள் தொண்டரை ஏன் தனி வட்டமாகவே வைத்திருக்க விரும்புகின்றன என்பதற்கு இது போதுமான விடை.

கோபக்காரரிடம் பேசுவது பற்றிய நேரடி ஆராய்ச்சியும் கடந்த சில ஆண்டுகளில் வளர்ந்திருக்கிறது. கேத்தரின் கிராமர், விஸ்கான்சின் மாநிலத்தில் இருபதுக்கும் மேற்பட்ட ஊர்களில், வழக்கமாகக் காபிக்குக் கூடுகிறவர்களோடு ஆண்டுக்கணக்கில் போய் உட்கார்ந்து கேட்டார். நகரத்தார் தங்கள் வரியைத் தின்று தங்களை மதிக்காமல் இருக்கிறார்கள் என்ற கிராமத்து மனக்கசப்பை அவர் 2016-ல் நூலாக்கினார். அவர் கேள்வித்தாளோடு போகவில்லை. அவர்கள் தாமாகப் பேசும் இடத்துக்குப் போனார். டேவிட் புரூக்மன், ஜோஷுவா கல்லா இருவரின் கதை இன்னும் சுவையானது. வீடு வீடாகச் சென்று நடத்தும் ஆழ்ந்த உரையாடல் மனத்தை மாற்றுகிறது என்று 2014-ல் வெளியான ஒரு பிரபல ஆய்வின் தரவுகளில் முறைகேட்டைக் கண்டறிந்தவர்களில் இவர்களும் உண்டு. அந்தக் கட்டுரை 2015-ல் திரும்பப் பெறப்பட்டது. பிறகு இவர்களே மயாமியில் முறையாகச் செய்து பார்த்தபோது, பத்து நிமிட உரையாடலின் விளைவு மூன்று மாதம் கழித்தும் நீடித்தது. வாதிடாமல், தீர்ப்புச் சொல்லாமல், எதிரில் இருப்பவரின் அனுபவத்தைக் கேட்டுத் தன் அனுபவத்தைச் சொல்வதே அங்கே வேலை செய்த உத்தி. அதே இருவர் 2018-ல் 49 கள ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பொதுத்தேர்தல் காலத்தில் வேட்பாளர் தேர்வை மாற்றப் பிரச்சாரத் தொடர்பு சராசரியாக எதுவும் செய்வதில்லை என்று தெரிந்தது. அதே ஆண்டு கிறிஸ் பெய்ல் குழு நடத்திய சோதனையில், டிவிட்டரில் எதிர்த்தரப்புச் செய்திகளை ஒரு மாதம் பார்க்கவைக்கப்பட்ட குடியரசுக் கட்சியினர் தங்கள் நிலையில் இன்னும் இறுகினார்கள். வாட்ஸ்அப் குழுவில் எதிர்க்கட்சித் தலைவரின் வீடியோவை அனுப்புகிறவர் என்ன நினைத்து அனுப்பினாலும், விளைவு இப்படி முடிய வாய்ப்பு அதிகம். நான்கு ஆய்வும் அமெரிக்காவினுடையவை. அங்குள்ள இருகட்சிப் பிளவின் ஆழம் வேறு. இருந்தாலும் தகவல் கொட்டுவது பலிப்பதில்லை, ஆள் ஆளோடு பேசுவது சில நேரம் பலிக்கிறது என்ற வித்தியாசம் ஊர் அனுபவத்தோடும் ஒத்துப்போகிறது.

மனக்கசப்பைப் பேசித் தீர்க்கலாம் என்பதற்கும் எல்லை உண்டு; நலன்கள் உண்மையாகவே மோதும் இடம் அது. திண்டுக்கல்லின் தோல் தொழில் இதற்கு நேரடி உதாரணம். கம்யூனிஸ்ட் தொழிற்சங்கம் வேரூன்றிய தொழில். பேகம்பூர் உள்ளிட்ட பகுதிகளில் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் சோறு. அதன் கழிவுநீர் இறங்கிய கிணறுகளில் உப்பேறி, அருகிலிருந்த விவசாயம் கெட்டது. இங்கு ஒருவரின் கூலியும் மற்றவரின் நிலமும் எதிரெதிரே நின்றன; தவறான புரிதல் என்று சொல்லி இதைக் கடக்க முடியாது. 1996 ஆகஸ்டில் வேலூர் குடிமக்கள் நல மன்றம் வழக்கில் உச்ச நீதிமன்றம், அன்றைய திண்டுக்கல் அண்ணா மாவட்டம் உள்ளிட்ட ஐந்து மாவட்டங்களின் தோல் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் மாசு அபராதம் விதித்தது. மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கோட்பாடு இந்தியச் சட்டத்தில் உறுதிப்பட்ட தீர்ப்பு அது. நீதிமன்றம் யார் தவறு என்று சொல்ல முடியும். அதன் பிறகும் இரு தரப்பும் ஒரே நிலத்தடி நீரின் மேல்தான் வாழ வேண்டும்.

இதே சிக்கல் பெரிதாக இருந்த பாலாற்றுப் படுகையில், சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் எஸ். ஜனகராஜன் 2002 தொடங்கி விவசாயிகளையும் தோல் தொழிலதிபர்களையும் ஒரே மேசையில் உட்காரவைத்தார். வழக்கு மன்றத்தில் மட்டும் சந்தித்தவர்கள் அவர்கள். தரவைப் பொதுவில் வைத்து, அதன் மேல் சண்டையிடுவது அந்த முயற்சியின் முறை. பாலாறு அதனால் தெளிந்துவிடவில்லை. ஆனால் ஒரு தரப்பு இன்னொரு தரப்பின் கணக்கை அவர்கள் வாயாலேயே கேட்க நேர்ந்தது. கோபத்தின் காரணம் பொருள் சார்ந்ததாக இருக்கும்போது பேச்சு அந்தப் பொருளைப் பற்றியதாக இருக்க வேண்டும் என்பதையும், பேச்சுக்குப் பின்னால் சட்டத்தின் கட்டாயம் நிற்காவிட்டால் வலுத்தவர் மேசைக்கே வரமாட்டார் என்பதையும் இந்த அனுபவம் காட்டுகிறது.

டீக்கடையைப் போற்றும்போதும் ஒரு நிதானம் வேண்டும். தென்மாவட்டக் கிராமங்கள் பலவற்றில் தலித்துகளுக்குத் தனிக் குவளை வைத்த கடைகள் இருந்தன. அங்கே உட்கார்ந்து அரசியல் பேசும் பெஞ்சு எல்லோருக்குமானதல்ல. பெண்களுக்கு அது எந்தக் காலத்திலும் திறந்திருக்கவில்லை. 1973-ல் முடிவைத் தீர்மானித்தவர்களில் பாதிப் பேர் தங்கள் கோபத்தைக் கட்சி கடந்து பேசிய இடங்கள் குழாயடி, களையெடுக்கும் வயல், தறிக்கூடம், கல்யாண வீட்டுச் சமையற்கட்டு. செய்தியாளர்கள் அங்கே போகவில்லை. கேலி பேசும் மாமன்-மச்சான் முறையும் ஒரே சாதிக்குள் நிற்பது. கட்சி கடக்க உதவும் வடிவமே சாதி கடக்க உதவாமல் போகிறது. சின்னாளபட்டிக்கு அருகே காந்திகிராமத்தில் காந்தியர் ஜி. ராமச்சந்திரன் காலத்தில் தொடங்கிய சாந்தி சேனை, பூசல் நேரத்தில் நடுவில் நிற்க மாணவர்களைப் பயிற்றுவித்தது. உறவும் சாதியும் தராத இடைநிலையாளரைப் பயிற்சியால் உருவாக்க முடியும் என்ற நம்பிக்கை அதன் பின்னால் இருந்தது.

சட்டப்படி எல்லோரும் உட்காரக்கூடிய ஒரே பெஞ்சு கிராம சபை. 1994-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின் கீழ் ஆண்டுக்கு நான்கு நாள் கூடிவந்தது அது; 2022-ல் அந்த எண்ணிக்கை ஆறாக உயர்த்தப்பட்டது. பல ஊர்களில் கையெழுத்து வாங்கிக் கலைந்துவிடும் சடங்கு என்ற விமர்சனம் பழையது, பெரும்பாலும் நியாயமானது. ஆயினும் தென்மாநிலங்களின் ஏறத்தாழ 300 கிராம சபைகளைப் பதிவு செய்து ஆராய்ந்த பரோமிதா சன்யால், விஜயேந்திர ராவ் இருவரும் 2019-ல் வெளியிட்ட நூலில் வேறொன்றைக் கவனிக்கிறார்கள்: வேறெங்கும் தலைநிமிர்ந்து பேச முடியாதவர் இங்கே அதிகாரியைப் பெயர் சொல்லிக் கேள்வி கேட்கிறார், ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து கேட்க வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டுக் கிராம சபைகளின் 2014-ஆம் ஆண்டுப் பதிவுகளை வைத்து ரம்யா பார்த்தசாரதி, விஜயேந்திர ராவ், நேத்ரா பழனிச்சாமி செய்த ஆய்வு இன்னும் நுட்பமானது. கூட்டத்தில் பெண்கள் பேசும் நேரம் ஆண்களைவிடக் குறைவு. பேசினாலும் அடுத்துப் பேசுகிறவர் அவர்கள் எழுப்பிய பொருளைத் தொடர்வது குறைவு. அதிகாரி பொருத்தமான பதில் தருவதும் குறைவு. ஊராட்சித் தலைவர் பதவி பெண்களுக்கென ஒதுக்கப்பட்ட ஊர்களில் மட்டும், பெண்களின் கேள்விக்குத் தலைவரிடமிருந்து பதில் வருவது கூடியிருந்தது.